ஜெபவீட்டு அலமாரியின் சிவப்பு விளக்கு

அக்டோபர் 9, வியாழன்
மிஷன் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: தலைவி பெர்க்லியோத், யோருன், என் நாத்தனார் ராக்னா அக்கா, நான். நாலே பேர். குலுக்கல் பரிசுகள் இருக்கும் அலமாரியைத் திறந்தால் யோருன் நெய்து கொடுத்த நீலக் கம்பளியைக் காணோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. இருப்பது ஒரே சாவி, அதுவும் அக்காவிடம். காப்பி வைக்க முதலில் வருகிறவள் அவள்தானே.

"என்னை ஏன் பாக்குறே மோல்ஃப்ரி? என் மூஞ்சியிலயா கம்பளி இருக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அக்டோபர் 12
ஆராதனை முடிந்து வந்து பெட்டியை முடித்தேன். உறைபெட்டிக்கு நான் செய்த எச்சரிக்கை மணி மாதிரிதான், உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர், குட்டிக் கணினி மாதிரி ஒரு சில்லு. அலமாரிக் கதவு திறந்தால் சுவிட்ச் வழியே ஐந்து வோல்ட் வந்து அதன் கால்களில் ஒன்றை, ஒரு பின்னைத் தொடும், சிவப்பு விளக்கு எரியும். பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுக்கும்வரை அணையாது. மேஜையில் சாண் நீளக் கம்பியோடு பார்த்தேன். தப்பே இல்லை.

என் கணவர் ஐவிந் எட்டிப் பார்த்தார். "எங்க அக்காவுக்கு வச்ச எலிப்பொறியா?"
"கதவுக்கு வச்சது."
"கதவுக்கு கம்பளி எதுக்கு?"
பெட்டியின் மூடியைத் திருகினேன்.

அக்டோபர் 16, வியாழன்
மதியம் யாருமில்லாதபோது போய், சுவிட்சைக் கதவின் வெளிவிளிம்பில் மாட்டினேன். கம்பியைச் சமையலறைச் சுவரோடு இழுத்து, பெட்டியைத் துடைப்பங்களுக்குப் பின்னால் வைத்தேன். மாலையில் போனால் அக்கா தனியாக இருந்தாள். பெரிய கொதிகலனில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தை எடுக்கிற சாக்கில் பார்த்தேன். விளக்கு எரிந்தது.

"அலமாரியைத் திறந்தீங்களா அக்கா?"
"இல்லையே. சர்க்கரை இங்கதான இருக்கு."

எத்தனை சாதாரணமாகச் சொன்னாள். கிளம்பும்முன் மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்து விளக்கை அணைத்தேன்.

அக்டோபர் 19
ஆராதனைக்குப் பின் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் காப்பியும் இல்லை. அவள் இல்லாத நாளில் கதவு சும்மா இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

அக்டோபர் 23, வியாழன்
மறுபடி எரிந்தது. பெர்க்லியோத்திடமும் யோருனிடமும் சொல்லிவிட்டேன். அக்கா வாஃபிள் தட்டோடு வாசலில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. தட்டை வைத்தாள், வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இருபது வருஷமா ஒரே சமையலறையில நின்னோம். ஒரு விளக்கு சொன்னா போதுமாடி உனக்கு?"

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். குற்றமில்லாதவள் ஏன் போகணும்? – கர்த்தாவே, இந்தக் கேள்வி சரியா?

அக்டோபர் 30, வியாழன்
அக்கா வரவில்லை. யோருன் காப்பி வைத்தாள். அலமாரியை நானே பூட்டி, விளக்கை அணைத்துவிட்டு, சாவியைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு, கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரும் தொடவில்லை. கொதிகலன் உறும ஆரம்பித்தது. எழுந்து பார்த்தேன்.

விளக்கு எரிந்தது.

நவம்பர் 1
பெட்டியைக் கழற்றி வந்தேன். சுவிட்சையே எடுத்துவிட்டு, அதே நீளக் கம்பியின் முனையை வெறுமனே தொங்கவிட்டேன். கையை அருகே கொண்டுபோனதும் விளக்கு எரிந்தது. மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்து அணைத்து, கம்பியைச் சலவை இயந்திரத்தின் வயரோடு சேர்த்து வைத்தேன். அப்போதும் எரிந்தது. எதையும் தொடாத கம்பி "திறந்தது, திறந்தது" என்கிறது.

நூலகத்துப் புத்தகத்தில் நான் தாண்டிப்போன பக்கம். கதவு மூடியிருக்கும்போது அந்தப் பின் எதனோடும் சேரவில்லை. சேராவிட்டால் பூஜ்ஜியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பூஜ்ஜியம் இல்லையாம். மிதக்கிறதாம். பக்கத்து மின்சாரம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சாயும். என் கம்பி கொதிகலனின் வயரை ஒட்டியே ஓடுகிறது. விளக்கு பார்த்தது காப்பியை. நான் பார்த்தது அக்காவை.

பின்னிலிருந்து தரைக்கம்பிக்குப் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தேன். புல்-டவுன். கதவு மூடியிருந்தால் அது பின்னைப் பூஜ்ஜியத்திலேயே இழுத்துப் பிடித்திருக்கும். கதவு திறந்து ஐந்து வோல்ட் நேராக வந்தால் விட்டுக்கொடுக்கும். அரிசிமணி அளவுகூட இல்லாத பொருள். டப்பா நிறைய வைத்திருந்தேன்.

ஐவிந்திடம் சொன்னேன். "இதை எங்கிட்ட ஏன் சொல்றே?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 6, வியாழன்
திரும்ப மாட்டினேன். கொதிகலன் கொதித்து முடியும்வரை விளக்கு எரியவில்லை. கதவைத் திறந்தேன், எரிந்தது. பெர்க்லியோத்தையும் யோருனையும் அருகே நிற்கவைத்துக் காட்டினேன், தப்பு யாருடையது என்றும் சொன்னேன்.

"அப்போ கம்பளி?" என்றாள் யோருன்.

தெரியாது. தெரியாது என்பதைத் தெரியாது என்றே வைத்திருக்க வேண்டும். காப்பி கசந்தது. கசப்பு அடங்க அக்கா ஒரு சிட்டிகை உப்பு போடுவாள்.

நவம்பர் 8
அக்கா கதவைத் திறக்கவில்லை. ஜன்னலில் நிழல் தெரிந்தது. சாவியை உறையில் போட்டு, இந்தச் சீட்டோடு தபால் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்:

"ராக்னா அக்கா, நீங்கள் அலமாரியைத் திறந்ததாக விளக்கு சொன்னது பொய். அதை நம்பியது நான். இருவரிடமும் சொல்லிவிட்டேன். பெட்டியைக் கழற்றிவிட்டேன், இனி மாட்டமாட்டேன். வியாழக்கிழமை காப்பி வைக்க வருவீர்களா? வரமாட்டேன் என்றாலும் சரி, சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."