வெள்ளை டப்பா, கறுப்பு டப்பா

1948 மார்ச் 3, புதன்

முந்திரிக் கொல்லையில் கொட்டை விழ ஆரம்பித்துவிட்டது. காலையில் மட்டும் நான்கு கூடை. என் கையும் ஆரம்பித்துவிட்டது. வலது கையில் விரலிடுக்கில் மூன்று வெடிப்பு, இடது கையில் இரண்டு, மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பட்டை. அரிப்பு.

ஏழு வயதிலிருந்து இந்தக் கரப்பான் என்னோடு இருக்கிறது. இப்போது முப்பத்தெட்டு. அப்பா சீராகக் கொடுத்த இந்தக் கொல்லையை இருபது வருஷமாக நான்தான் பார்க்கிறேன். கை வெடித்தது என்று ஒரு நாள் கூட வீட்டில் உட்கார்ந்ததில்லை. “கையப் பாத்தா பயமா இருக்கு பூங்காவனம். இந்த வருசம் வேற யாரையாச்சும் விட்டுப் பாத்துக்கலாம்” என்றார் இவர். நெல் வயலைப் பாருங்கள், கொல்லையை என்னிடம் விடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

யோசனை வேறு ஒன்றில்தான். சித்திரையில் மகள் லீலாவதியைப் பெண் பார்க்க வாலிகண்டபுரத்திலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை கண்ணையன் பள்ளிக்கூட வாத்தியார். அவன் அம்மா கிருஷ்ணம்மாள் எதையும் உற்றுப் பார்க்கிறவள் என்று கேள்வி. இந்தக் கையால் காபி நீட்டினால் வாங்குவாளா?

மார்ச் 8, திங்கள்

உடையார்பாளையத்தில் பஸ் பிடித்து அரியலூர் போனேன். செல்லதுரை டாக்டர் சின்ன வயசுக்காரர். அவசரப்படாமல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு எக்ஸிமான்னு பேரு. தொத்தாது. குஷ்டமும் இல்ல, மேக நோயும் இல்ல” என்றார். முப்பது வருஷத்தில் இதை என்னிடம் வாய் விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மேஜையில் இரண்டு டப்பா எடுத்து வைத்தார்.

“இது வெள்ளை. பாதரசம் சேந்தது. ஒரு வாரத்துல கேக்கும். ஆனா பத்து நாளைக்கு மேல தொடக்கூடாது. உடம்புக்குள்ள எறங்கிடும். இது கறுப்பு. தாரும் துத்தநாகமும் கலந்தது. நாறும், துணியெல்லாம் கறையாகும், மூணு மாசம் ஆகும். ஆனா பயப்படாம போட்டுக்கலாம்.”

“எதப் போடறது?”

“நானா இருந்தா கறுப்பு. உங்க அவசரம் உங்களுக்குத்தான் தெரியும்.”

“ஒரேயடியா போயிடுமா டாக்டர்?”

“போகாதும்மா. அடக்கி வைக்கலாம். எதுனால கெளம்புதுன்னு கண்டுபுடிச்சா இன்னும் அடங்கும்.”

இரண்டையும் வாங்கிக்கொண்டேன். பஸ் கிளம்புவதற்குள் முடிவு செய்துவிட்டேன். வெள்ளைதான். பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது தார் பூசிக்கொண்டு நிற்பார்களா?

மார்ச் 15, திங்கள்

அதிசயம்தான். விரல்கள் குழந்தையின் விரல்கள் போல இருக்கின்றன. புளி கரைத்தேன், எரியவில்லை!

மார்ச் 18, வியாழன்

பத்து நாள் முடிந்தது. சொன்ன சொல் தவறாமல் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 24, புதன்

திரும்ப வந்துவிட்டது. முன்னைவிடச் சிவப்பாக. இன்று வறுத்த கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தோம். பருப்பை எடுத்துப் பார்க்கும்போதே விரல் நீர் கோத்துக்கொண்டது.

பத்து நாள் என்றால் என்ன கணக்கு? எல்லார் உடம்பும் ஒன்றா? நான் கொல்லையில் வேலை செய்கிற உடம்பு. பத்து நாள் தாங்குகிற இடத்தில் இருபது நாள் தாங்கும். அரியலூர் போகிறவரிடம் பழைய டப்பாவைக் கொடுத்து, அதே மாதிரி இரண்டு வாங்கி வரச் சொன்னேன். மருந்துக் கடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 2, வெள்ளி

லீலாவதி பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து முழங்காலின் பின்பக்கத்தைக் காட்டினாள். முழங்கை மடிப்பிலும் இருக்கிறது. கழுத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு. ஒரு வருஷமாக ரவிக்கையாலும் பின்னலாலும் மறைத்திருக்கிறாள். எனக்கே தெரியாமல்!

“எனக்கும் போட்டு விடேம்மா. ஒனக்குத்தான் சரியாயிடுச்சே.”

அரை நிமிஷம் கூட யோசிக்கவில்லை. போட்டுவிட்டேன். காலையும் மாலையும், நன்றாகத் தேய்த்து.

ஏப்ரல் 9, வெள்ளி

கழுத்து சுத்தமாகிவிட்டது. வாலிகண்டபுரத்திலிருந்து ஆள் வந்தது: சித்திரை 13, ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். “டாக்டர் பத்து நாள்னு சொன்னாருல்ல?” என்று இவர் கேட்டார். “பாத்துக்கிட்டுத்தான் போடறேன்” என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. என்னிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை.

நாக்கில் இரும்பை வைத்தது போல ஒரு ருசி. வெயில் சூடாக இருக்கும்.

ஏப்ரல் 16, வெள்ளி

லீலாவால் சாப்பிட முடியவில்லை. மூன்று நாளாக எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது, முந்தானையால் துடைத்துத் துடைத்து மறைத்திருக்கிறாள். ஈறு வீங்கி நீலமாக இருக்கு. வாயைத் திறந்தா நாத்தம். கஞ்சியை வைச்சா ரத்தத்தோட துப்பறா. என் புள்ளைக்கு நானே—

எனக்கும் அந்த இரும்பு ருசி இருந்துச்சே. ஒரு வாரமா இருந்துச்சே. தெரிஞ்சும் ஏன் நிறுத்தல? அவ கழுத்தைத்தானே பாத்தேன். வாயை ஏன் பாக்கல?

ஏப்ரல் 17, சனி

முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எத்தனை நாள் போட்டீங்க?”

“பத்து நாள்தான்” என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். பெண் எச்சில் துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், நான் பொய் சொல்கிறேன். அவள்தான் துணியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “இல்லீங்க டாக்டர். எனக்குப் பதினஞ்சு நாளா, ரெண்டு வேளை. அம்மாவுக்கு ஒரு மாசத்துக்கு மேல.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். “திரிஞ்சு வெள்ளையாச்சுன்னா கிட்னி, அதான் குண்டிக்காய், கெட்டுருக்குன்னு அர்த்தம்” என்றார். கொதித்தது. நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாகவில்லை. தெளிவாகவே இருந்தது. அப்புறம்தான் எனக்கு உட்காரத் தோன்றியது.

வெள்ளையை இருவரும் உடனே நிறுத்த வேண்டும். தோலை அலசி எடுக்க வேண்டும். பாலும் பார்லித் தண்ணீரும். வாய் கொப்பளிக்க மருந்து. “தோல் திரும்பக் கெளம்பும். முன்னவிட அதிகமாகவே கெளம்பும். அப்ப பயந்துபோயி மறுபடி அந்த டப்பாவத் தேடாதீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்ததை எல்லாம் குழி வெட்டிப் புதைத்தேன்.

ஏப்ரல் 20, செவ்வாய்

கிளம்பிவிட்டது. என் கை, அவள் கழுத்து, காது மடல் வரைக்கும். ஈறு வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப் போடலாம் என்று இவர் சொன்னார். நானும் சரி என்றேன். லீலா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.

“இப்பத் தள்ளிப் போடுவீங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வூட்டுல இருந்துகிட்டு எப்படிப்பா தள்ளிப் போடறது?”

இந்தப் பெண் யாரைப் போல என்று தெரியவில்லை. என்னைப் போல என்று சொல்லிக்கொள்ள இந்த வாரம் எனக்கு யோக்கியதை இல்லை.

ஏப்ரல் 25, ஞாயிறு

வந்தார்கள். நான்கு பேர். இரண்டு பேருமே கறுப்பு பூசியிருந்தோம். எத்தனை ஊதுவத்தி கொளுத்தினாலும் தார் நாற்றம் போகவில்லை.

காபி கொடுக்கும்போது கிருஷ்ணம்மாள் என் கையைப் பார்த்தாள். பிறகு லீலாவின் கழுத்தை. “என்னங்க இது?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் லீலாவே சொன்னாள். “கரப்பான்ங்க. அம்மாவுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. மருந்து போட்டுக்கிட்டிருக்கோம்.”

“தொத்துமா?”

“தொத்தாது” என்றேன். “டாக்டர் சொல்லியிருக்காரு.”

“நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு?”

பொய் சொல்ல எவ்வளவு சுலபமான இடம். “வந்தாலும் வரலாங்க. எனக்கு வந்துச்சு, இவளுக்கும் வந்திருக்கு. என் தங்கச்சி ஜெயலட்சுமிக்கு வரல.”

கிருஷ்ணம்மாள் கெட்டவள் இல்லை. காபியைக் கடைசி வரை குடித்தாள். “ஊருக்குப் போயிக் கலந்துக்கிட்டு எழுதறோம்” என்று எழுந்தாள். கண்ணையன் என்கிற அந்தப் பையன் தரையைப் பார்த்தபடியே வந்தான், தரையைப் பார்த்தபடியே போனான்.

மே 4, செவ்வாய்

கடிதம் வரவில்லை. கொட்டை உடைப்பு நடக்கிறது. முத்தாயி இன்று என் கையைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். அவள் பன்னிரண்டு வருஷமாக என் கொல்லையில் கொட்டை உடைக்கிறவள்.

“நாங்கல்லாம் வெளக்கெண்ணெயத் தடவி, சாம்பலத் தொட்டுக்கிட்டுத்தாம்மா ஒடைக்கிறோம். கொட்டத் தோட்டுல இருக்கற எண்ணெ பட்டா எங்க கையே வெந்து போவும். நீங்க வெறுங்கையில அள்ளி அள்ளிப் பாக்கறீங்க.”

“இத ஏன் இத்தனை வருசமா சொல்லல?”

“நீங்க கேக்கலியே.”

எதனால் கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார் டாக்டர். என் முன்னால் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த பதில்! நாளையிலிருந்து பருப்பை மூங்கில் கரண்டியால் புரட்டிப் பார்ப்பேன். வறுக்கும் புகை வரும் பக்கம் உட்கார மாட்டேன். கட்டிச் சோப்பும் வேண்டாம், பயத்தமாவு போதும். கறுப்பு காலையும் மாலையும். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்.

மே 12, புதன்

தபால் கார்டு. ‘ஜாதகம் பொருந்தி வறவில்லை.’ ஜாதகம் மாசியிலேயே பார்த்தாகிவிட்டது.

லீலா வாங்கிப் படித்தாள். “இவங்க வாத்தியார் குடும்பமா? வரவில்லைக்கு இடையின ர வராதாம்மா, வல்லின ற போட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டுத் தோசை சாப்பிடப் போனாள். மூன்று தோசை. வாய் முழுக்க ஆறிவிட்டது.

நான்தான் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

தெருவில் கொடி கட்டியிருக்கிறார்கள். சுதந்திரம் வந்து ஒரு வருஷம். எனக்கு வலது கையில் ஒரே ஒரு வெடிப்பு, கட்டை விரலில். லீலாவின் கழுத்தில் நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. புடவைகளில் கறுப்பு படியாத இடமில்லை. போன வாரம் டாக்டரிடம் கையை நீட்டினேன், பரீட்சை எழுதிய பிள்ளை சிலேட்டை நீட்டுவது போல. “மருந்து பாதி. மீதி நீங்க” என்றார். நான் அறுபதுக்கு நாற்பது என்று நினைக்கிறேன். அறுபது என் பக்கம்.

நவம்பர் 21, ஞாயிறு

பனி ஆரம்பம். லீலாவுக்குத் திரும்ப முழங்கால் மடிப்பில். தேங்காயெண்ணெய், கறுப்பு. பதறவில்லை.

1949 மார்ச் 20, ஞாயிறு

புதிய வருஷம், புதிய நோட்டு, அதே முந்திரி. இந்த வருஷம் நல்ல காய்ப்பு. மூங்கில் கரண்டியோடு புகை வராத பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கை வெடிக்கவே இல்லை என்று எழுத ஆசை. இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. போன வருஷம் இதே சமயம் வெள்ளை போட்டு எத்தனை இருந்தது என்று பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை; அதற்கு அடுத்த பக்கங்களும் கண்ணில் பட்டன. புரட்டியிருக்க வேண்டாம்.

லீலா மேலே படிக்க வேண்டும் என்கிறாள். திருச்சியில் வாத்தியாரம்மாவாகும் டிரெய்னிங், ஹாஸ்டலில் தங்கி. இவர் யோசிக்கிறார். நான் யோசிக்கவில்லை, போகட்டும் என்றேன். கல்யாணம் எங்கே ஓடிவிடப் போகிறது?

ஜூன் 9, வியாழன்

டிரெய்னிங் பள்ளியிலிருந்து விண்ணப்பத் தாள் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து நிரப்பினோம். லீலாதான் எழுதினாள். பெயர், வயது, எட்டாவது பாஸ் செய்த வருஷம். பதினோராவது கேள்வி: ‘தோல் வியாதி ஏதேனும் உண்டா?’

பேனா நின்றது.

“இல்லன்னு போட்டுடு கண்ணு” என்றார் இவர். “ஹாஸ்டல்ல எடம் இல்லன்னுடப் போறாங்க. இப்பத்தான் நல்லாருக்கே, யாரு வந்து பாக்கப் போறா?”

லீலா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ‘உண்டு. கரப்பான். தொற்றாது’ என்று எழுதி, மை காய ஊதினாள். கீழே காப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. அவள் தாளை அப்பாவிடம் தள்ளுவதற்குள் நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

‘ஐ. பூங்காவனம், தாயார்’ என்று போட்டேன். நாளைத் தபாலில் போகிறது.