ஒரு கையில் மட்டும் குஞ்சம்

என் மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அப்படியே இருங்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே. சாப்பிடுகிறேன், படுக்கிறேன், கால் வீக்கம் வடிந்திருக்கிறது, அவ்வளவுதான் என் சேதி. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் கத்துவேன், நீ அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, தூக்கிப் போட்டாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும், அதையும் ஒரு தமாஷாக எழுதிப் புத்தகத்தில் போட்டுக்கொள்.

போன மாதம் நீ போன் பண்ணி, அம்மா நான் பாட்டுப் பைத்தியமா வளர்ந்த கதைய எழுதியிருக்கேன், புத்தகத்துல வந்திருக்கு, அதுல அப்பாவும் வர்றாரு, மாடி டீச்சர வாசிக்கச் சொல்லிக் கேளு, சந்தோஷப்படுவ என்றாய். நானும் நம்பி முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் இங்கிலீஷில் ஒரு வரி படிப்பாள், நம் பேச்சில் ஒரு வரி சொல்லுவாள். ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. கடைசியில் பாதியை முழுங்கி முழுங்கிப் படித்துவிட்டு, எல்லாம் பாசத்துல எழுதறதுதான் அக்கா, படிச்ச பிள்ளைங்க இப்படித்தான் எழுதுவாங்க என்று சொல்லி டீ கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். பாசமா இது. உன் அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. துணி வெட்டுகிற மேஜையில் தலையை வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் பாதி வெட்டின பேண்ட் துணி இன்னும் அந்த மேஜையில்தான் கிடக்கிறது, துணிக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார், கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷனை நீ ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் சிரிக்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறாய். உனக்குப் பதினைந்து வயதில் உனக்குப் பிடித்த இங்கிலீஷ் பாட்டுக் கூட்டம் பிரிந்துபோச்சு என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாய், ஞாபகம் இருக்கிறதா, அதையும் பெருமையாக எழுதியிருக்கிறாய். அப்பா போன செய்தி கேட்டு விமானத்தில் வந்தபோது, சாப்டியாடி என்று கேட்டேன், ஃப்ளைட்ல குடுத்தாங்கம்மா, நல்லா இருந்துச்சு என்றாய். அன்றைக்கு அதை நான் மனசில் வைக்கவில்லை. இப்போது வைத்திருக்கிறேன்.

முதலில் அந்த ரேடியோக்காரன் கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரேடியோவில் உன் பாட்டெல்லாம் வரும், உனக்கு அந்த நேரம் கணக்கு டியூஷன். நீ அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியதால் அப்பாதான் கேசட்டில் பிடித்து வைத்தார். நடுவில் பேசுகிற ஆள்தான் எல்லாப் பாட்டையும் பாடுகிறவன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அதை எழுதியிருக்கிறாய். ஆமாம், நினைத்தார். என்னிடம் வந்து, இவனுக்கு எத்தனை குரல் பாரு, பொம்பள மாதிரியும் பாடறான், தொண்டை கட்டினவன் மாதிரியும் பாடறான், இவ்வளவு நேரம் மூச்சு விடாம பாடறானே சாப்பிடுவானா இல்லையா என்று கவலைப்பட்டார். இங்கிலீஷ் தெரியாததால் கேசட் அட்டையில் பாட்டுக்கெல்லாம் அவரே தமிழில் பேர் எழுதி வைத்தார். பல்வலிக்காரன், தகரத்தில் மழை, ஓடிக்கொண்டே அழுகிறவன். எல்லாம் எழுதினாய், டீச்சர் அங்கேதான் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீட்டு முன்னறைக் கடையில் மெஷின் ஓடாது என்று எழுதினாயா? தையல் சத்தம் கேசட்டில் விழுந்துவிடும் என்று மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். யாராவது துணி வாங்க வந்தால் வாயில் விரலை வைத்துக் காட்டுவார். ஒரு கல்யாண வீட்டுக்காரர் சட்டை ரெடியா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார், இவர் பாய்ந்து போய் அவர் வாயையே பொத்திவிட்டார். அந்த வீட்டுத் துணி அதற்கப்புறம் எதிர்க்கடைக்குப் போனது, திரும்ப வரவே இல்லை. நான் பட்டன் காஜா எடுக்க வேலை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வயிறு எரியும். இதெல்லாம் உனக்குத் தெரியாது, நீ டியூஷனில் இருந்தாய். தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததை மட்டும் எழுதினால் அது கதையா?

அடுத்து அந்தச் சட்டை. உன் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தாயே, கறுப்புச் சட்டை போட்டுக் கித்தாரோடு ஒருபக்கமாகத் திரும்பி நிற்கிற முடிக்காரன், தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையெல்லாம் வார் வாராகக் குஞ்சம் தொங்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அதே மாதிரி வேண்டும் என்று நின்றாய். அப்பா நீ தூங்கின பிறகு இன்ச் டேப்பை வைத்து அந்தப் படத்தை அளந்தார். படத்தில் ஆள் ஒன்பது அங்குலம், நிஜத்தில் ஆறடி இருப்பான், அப்போ ஒண்ணுக்கு எட்டு என்று கணக்குப் போட்டு, அப்புறம் உன் அளவுக்குக் குறைத்தார். படத்தில் அவன் இடது கை கித்தாருக்கும் உடம்புக்கும் பின்னால் மறைந்துபோயிருந்தது. இந்தக் கையில இருக்கா இல்லையான்னு தெரியலயே என்று என்னைக் கேட்டார். படத்துல இல்லாதத எதுக்கு தைக்கணும் என்று சொன்னவள் நான். அவரும் யோசித்து, சரிதான், கம்பிய அழுத்திப் பிடிக்கற கையில குஞ்சம் இருந்தா கம்பில மாட்டிக்கும்ல, அதான் வெச்சிருக்க மாட்டான் என்று வலது கைக்கு மட்டும் கறுப்பு ரெக்சினில் வெட்டி வைத்தார். தொழில் தெரிந்தவர் யோசித்த யோசனை அது. நீ போட்டுக்கொண்டு போனாய், கூடப் படிக்கிறதுகள் ஒத்தை இறக்கைக் காக்கா என்று கத்தினதுகளாம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி அவர் மேலேயே எறிந்தாய். அவருக்கு எதற்கென்று விளங்கவில்லை, ஏம்மா கை இறுக்குதா என்று கேட்டார். நீ பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். இப்போது எழுதியிருக்கிறாய், எங்கப்பாவுக்கு என் இசை அந்தச் சட்டை மாதிரிதான், ஒரு பக்கம் மட்டும்தான் தெரிந்தது என்று. அது உவமை அக்கா என்றாள் டீச்சர். உவமையாம். ஐந்து நாள் குனிந்து உட்கார்ந்து தைத்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன், அது என்ன உவமை என்று கேட்டு எழுது.

இதையெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். பரீட்சைக்கு முன்னால் என் அப்பா டேப் ரெக்கார்டர் வயரைக் கத்தரிக்கோலால் வெட்டினார், அன்றைக்கு எங்கள் வீட்டில் பாட்டு செத்தது, அன்றைக்கே நான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன் என்று முடித்திருக்கிறாயே, அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மேல் வந்த கோபத்தை விடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வருகிறேன். வயரை வெட்டியது உன் அப்பா இல்லை. நான்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு உன் கணக்கு மார்க்கைக் காட்டினார்கள். ஐந்தாவதோடு நின்றவளை உட்கார வைத்து, வீட்ல நீங்க என்னதான் கவனிக்கிறீங்க என்று கேட்டார்கள். சாயந்திரம் நீ வந்தாய், பையைப் போட்டாய், பாட்டைச் சுவர் அதிர வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். மூன்று தடவை கூப்பிட்டேன், கேட்கவில்லை. வெட்டுகிற மேஜையில் கத்தரிக்கோல் இருந்தது. ஸ்விட்சைக்கூட அணைக்கவில்லை, நறுக்கென்று வெட்டினேன். நீல வெளிச்சம் அடித்தது, ஃபியூஸ் போனது, கடையில் மெஷின் பாதித் தையலில் நின்றது. கைப்பிடியில் அவர் துணி சுற்றி வைத்திருந்ததால்தான் நான் இன்று உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கத்தரிக்கோலைக் கீழே போட்டேன். அவர் ஓடி வந்து என் கையைப் பார்த்தார், அப்புறம் கத்தரிக்கோலைக் குனிந்து எடுத்தார், அந்த நேரம் நீ ஈரத் தலையோடு வந்து நின்றாய். அவர் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தாய். அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், ஆமா நான்தான் வெட்டினேன், பரீட்சை முடியட்டும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ போன பிறகு, எதுக்கு இப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். உன்கிட்டயும் பேசலேன்னா அவ யார்கிட்டதான் பேசுவா, எனக்குப் பழகிக்கும் என்றார். பழகிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் பழகிக்கொண்டார். நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா நல்லாருக்காரா என்று என்னிடம்தான் கேட்பாய், அவர் பக்கத்தில் நின்று நல்லாருக்கேன்னு சொல்லு என்று ஜாடை காட்டுவார். எத்தனையோ தடவை சொல்லிவிடலாமா என்று கேட்டேன், எதுக்கு இப்ப அதெல்லாம் என்று எழுந்து போய்விடுவார். அந்த மனுஷன் மேலேயும் எனக்குக் கோபம்தான். நல்லவராக இருந்துவிட்டுப் போய்விட்டார், நான் இங்கே உட்கார்ந்து மாடி டீச்சர் வாயால் அவரைத் திட்டக் கேட்கிறேன், நடுவில் நிறுத்தி அது நான்தான் என்று சொல்லத் தைரியம் இல்லாமல்.

டீச்சர் போன பிறகு அந்தச் சட்டையை எடுத்து உனக்கே அனுப்பிவிடுவது என்று துணிப்பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் லைனிங் துணியில் சுற்றி இருந்தது. விரித்தால் இரண்டு கையிலும் குஞ்சம். எனக்குக் கண் சரியில்லையோ என்று வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும்தான். இடது கை ரெக்சின் மட்டும் கொஞ்சம் பழுப்பு, பழைய கறுப்பு கிடைத்திருக்காது. அப்போதுதான் சலூன்காரர் சொன்னது நினைவு வந்தது. துக்கம் கேட்க வந்தவர், அண்ணன் ஒரு நாள் கடைக்கு வந்து செவுத்துல இருந்த பாட்டுக்காரன் படத்தப் பாத்து, அடடா அந்தப் பக்கமும் இருக்கேன்னு என் சேர் மேல ஏறி இன்ச் டேப்ப வெச்சு அளந்தாரு, முடி வெட்டிக்கிட்டிருந்த ஆள எழுப்பி விட்டுட்டாரு என்று சொல்லிச் சிரித்தார். என்ன உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். எப்போது தைத்தார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் வயரை வெட்டினபோது கத்தரிக்கோலில் ஒரு இடம் கருகிப் பல் மாதிரி பெயர்ந்துவிட்டது, சாணைக்காரர் இதத் தேய்ச்சா பாதி இரும்பு போயிடும் என்று திருப்பிக் கொடுத்தார், கைக்குப் பழகினது என்று அதையே வைத்து வெட்டினார். அந்த இடம் வரும்போது துணி சிக்கும், சாதாரணத் துணி என்றால் கையை லேசாகத் தூக்கிச் சமாளிப்பார், ரெக்சினில் அது நடக்காது. வலது கைக் குஞ்சம் ஒவ்வொரு வாரும் வழவழவென்று இருக்கிறது. இடது கையில் ஒவ்வொரு வாரிலும் நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி எலி கடித்த மாதிரி ஒரு சின்னக் கடி. நாற்பத்தோரு வார், நாற்பத்தோரு கடி. நீ அவரோடு பேச்சை விட்ட பிறகு தைத்தது அது. நான் போட்ட பல்லோடு தைத்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது நான் சொல்வதைச் செய். அதே புத்தகத்தில், அதே அளவு எழுத்தில், வயரை வெட்டியது என் அம்மா என்று எழுது. ஏன் வெட்டினாள் என்று காரணம் சொல்லி என்னைக் காப்பாற்றாதே. ரேடியோக்காரன் கதை இருக்கட்டும், அவருக்கே அதில் சிரிப்பு வரும், ஆனால் மெஷினை நிறுத்தினதையும் சேர்த்து எழுது. எதிர்க்கடைக்காரர் வந்து கத்தரிக்கோலைக் கேட்டார், பல் இருந்தாலும் நல்ல இரும்புக்கா என்றார், கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேண்ட் துணியை மட்டும் அவரிடம் கொடுத்து முடித்துத் தரச் சொல்லப் போகிறேன், துணிக்காரர் பாவம் எத்தனை நாள் நடப்பார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பாட்டுக் கேட்கிற அதைக் காதில் மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டாதே, பின்னால் வண்டி வந்தால் கேட்காது, இந்த வயதிலும் உனக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபத்தில் எழுதினேன், கோபம் போகவில்லை, ஆனாலும் நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், அதில் மாற்றம் இல்லை. சட்டையைத் தபாலில் அனுப்பமாட்டேன். நீ வந்து என் கண் முன்னால் போட்டுக்கொள். உடம்பு பெருத்திருப்பாய், பரவாயில்லை, பிரித்துவிடத் தையலுக்குள் துணி விட்டிருக்கிறார், பார்த்துவிட்டேன். கை இறுக்குதா என்று அவர் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை, அதை வந்து சொல்.

இப்படிக்கு,
வயரை வெட்டின உன் அம்மா