மதுரை வரைக்கும் சிவப்பு நூல்

நேற்று வாங்கி வந்த மேப்பைக் கட்டிலில் விரித்தேன். அப்பா குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "இதுல நூலக் காணமே கண்ணு" என்றார். உடனே உன் முகம்தான் என் நினைவுக்கு வந்தது.

அப்பாவையும் அம்மாவையும் ராமேசுவரம் அழைத்துப் போகிறேன். வாடகைக் கார். டிரைவருக்குப் பக்கத்தில் நான். நீ இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாய்.

மதுரைக்கும் தெற்கே உன் ஊரில் உன் அக்கா கல்யாணத்துக்கு நம் பனியன் கம்பெனிப் பெண்கள் வேன் பிடித்துப் போவதென்று முடிவான சமயம் அது. நீ செக்கிங்கில் இருந்தாய். நான் எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, அதே கம்பெனியின் ஆபீசில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். தெரியாத ஊருக்கு யாரை நம்பி அனுப்புவது என்று அப்பா கேட்டார். உன்னிடம் வந்து, நான் வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"வழி தெரியலன்னுதான சொல்லுதாவ? வழியக் காட்டிருவோம், வாட்டி" என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த புத்தகக் கடைக்கு இழுத்துப் போனாய்.

நான் எடுத்தது புத்தகமாகக் கட்டிய மேப்பு. சின்னச் சின்னச் சாலைகள்கூட அதில் இருந்தன. நீ புரட்டிப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போவதற்குள் பக்கம் மாறிவிடுகிறது என்று தள்ளி வைத்தாய். "உனக்குப் புரிஞ்சா போதுமா? உங்க அப்பாவுக்குல்லா புரியணும்." கோயில் படம் போட்ட வழவழப்பான மேப்பும் உனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தமிழ் எழுத்தில் ஒரே தாளாக இருந்த, கொஞ்சம் மொரமொரப்பான மேப்பை எடுத்து, மடிப்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாய். பனியனில் குறை தேடும் அதே விரல்கள். கடைக்காரர் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "தையல் தாங்குமான்னு பாக்கேன்" என்றாய். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது மேப்பில் சிவப்பு நூல் ஓடியிருந்தது. திருப்பூரில் தொடங்கி உன் ஊர் வரைக்கும் கைத்தையல். நெருக்கிக் குத்தினால் தபால்தலை மாதிரி கிழிந்துவிடும் என்று எட்ட எட்டப் போட்டிருந்தாய்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அப்பா அந்த நூலின் மேல் விரலை வைத்தார். பல்லடம் தாண்டியதும் நீ அவர் விரலை நிறுத்தி, இதுதான் உங்கள் பொங்கலூர் என்றாய்.

"நம்மூட்டு முன்னால போற ரோடுங்களா இது?"

"ஆமாய்யா. இதே ரோட்டுலதான் போறோம்."

அப்பாவின் முகம் அப்போதே இளகிவிட்டது. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று நீ சொல்லச் சொல்ல விரல் நகர்ந்து, கடைசியில் ஒரு முடிச்சில் தட்டி நின்றது. அது என்ன என்று கேட்டார். மேப்பில் உன் ஊரைப் போடவில்லை, அதனால் முடிச்சுப் போட்டுவிட்டேன் என்றாய். அப்பா சிரித்துவிட்டார். "கவர்மெண்டு உட்டுப்போட்டத நீங்க தெச்சுப்போட்டீங்க. செரி, பத்தரமாப் போயிட்டு வாங்க சாமி."

மதுரையில் வேன் டிரைவர் தூத்துக்குடி சாலையில் திருப்பினார். மடியில் மேப்பை வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். பின்னாலிருந்து நீ என் தோளில் குத்தினாய். "நூலு அங்கிட்டா போகுது? வாயத் தொறந்து சொல்லுட்டி." சொன்னேன். வேன் திரும்பியது. முன்பின் தெரியாத ஒருவர் என் சொல் கேட்டு நடந்தது அதுதான் முதல் முறை. இன்று வேலையில் யாரிடமாவது ஒன்றை மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தால், தோளில் அந்தக் குத்து விழுந்த பிறகுதான் பேசுகிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் ஊருக்கு இரண்டாம் முறை வந்தபோதும் அதே மேப்புதான் என் மடியில் இருந்தது. அதை நான் விரிக்கவே இல்லை. வழி தெரிந்திருந்தது.

அப்பா நூலைக் கேட்ட பிறகு இரண்டு மேப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புதியதில் நாலுவழிச் சாலையெல்லாம் வந்திருக்கிறது. அதைக் காரில் நான் வைத்துக்கொள்வேன். அப்பாவுக்கு உன்னுடையதுதான். உன் தையலில் ஓர் இழைகூட விட்டுப்போகவில்லை. மதுரையிலிருந்து மட்டும் பச்சை நூலில், எட்ட எட்ட, பரமக்குடி வழியாகக் கடல் வரை ஓட்டினேன்.

நான் ஊர்களைச் சொல்லச் சொல்ல, அப்பா விரல் வைத்துத் தொடங்கினார். நிறம் மாறும் இடம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மதுர வரைக்கும் அந்தப் புள்ளையும் நம்மகூட வருது" என்றார்.