கஃபார் கை நீட்டிய நாள்

மச்சானுக்கு ஜொகரா பீவியின் ஸலாம். மூச்சிரைப்பு தேவலையா? இங்கே சுகம்தான்.

அன்று வீட்டில் இருந்தவர்கள் மகள் மைமூன், மருமகன் நெய்னா முகம்மது, அடுத்த வீட்டுப் பூவம்மா, உங்கள் தம்பி. நம் பேரன் கஃபார் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பட்டாளக் கப்பல் ஏறுகிற நாள். வெள்ளைக்காரன் கப்பல், துருக்கியோடு நடக்கிற சண்டைக்குப் போகிறது. பயப்படாதீர்கள், கரி அள்ளிப் போடுவதுதான் அவன் வேலை, துப்பாக்கி தொடமாட்டான்.

பயணம் போகிறவர் முறைப்படி, "பிழை பொறுத்துக்குங்க" என்று எல்லாரிடமும் கை நீட்டினான். பூவம்மாகூடக் கையைப் பிடித்து, "மாரியாத்தா பாத்துக்குவா, போய்ட்டு வா ராசா" என்றாள். உங்கள் தம்பி கையை மடக்கிக்கொண்டார்.

"துருக்கிக் கலீபாவை அடிக்கப் போற கப்பலுக்குக் கரி போடுறவனுக்கு என் கை எதுக்கு?"

"உம்ம கடைச் சரக்கெல்லாம் எவன் கப்பல்ல வருது? வெள்ளைக்காரன் கப்பல்தானே?" என்றேன்.

பிள்ளை சிரித்துக்கொண்டே, "நீங்க பொறுக்காட்டியும் உங்களை நான் பொறுத்துட்டேன், சின்ன நன்னா" என்றான். நாம் வளர்த்த வளர்ப்பு மச்சான் அது! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தொழுதுவிட்டுக் கலீபாவுக்கும் துஆ கேட்கிறேன், கஃபாருக்கும் கேட்கிறேன், அவனுக்கு எதிரே நிற்கிற துருக்கிப் பிள்ளையைப் பெத்தவளுக்கும் கேட்கிறேன். அல்லாஹ்விடம் இடமா இல்லை?

நான் விற்கிற இடியாப்பத்துக்கு அச்சு தேய்ந்துவிட்டது. புதிது ஒன்று உங்கள் பழைய கைலியில் சுற்றி அனுப்புங்கள். கைலியைத் துவைக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவருகிறவர் வாசலில் அவசரப்படுத்துகிறார். பேரன் பொறுத்துவிட்டான். மறுமையில் வந்து கை நீட்டினாலும் நான் பொறுக்கமாட்டேன், உங்கள் தம்பி சேகு அலாவுதீனை.