சுடுது என்றாள்

அன்பு மகன் சேரனுக்கு நைனா எழுதுவது, அந்தக் குளிர் ஊரில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் தங்கை ஜெயக்கொடி பிழைத்துவிட்டாள், அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசி அமாவாசைக்கு மாப்பிள்ளை இளவழகன் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஓட்டப் போகும்போது, ஜுரமாயிருந்த அவளை நம் வீட்டில் விட்டுப் போனார். அம்மா துணி மாற்றும்போது பாவாடை நாடாவுக்குக் கீழே, கறுப்பாகப் பொருக்குத் தட்டி, சுற்றிலும் சிவந்த ஒரு புண்ணைப் பார்த்தாள். அச்சு அசல் சிகரெட்டால் வைத்த சூடு. என்னடி இது என்று கேட்டதற்கு ஜுர வேகத்தில் அவள், "அவரு... சுடுது... சுடுது" என்றாள். உடம்பு கொதிக்கிறது, அவரைக் கூப்பிடு என்று சொன்னதை, அவர் சுட்டார் என்று நாங்கள் காதில் வாங்கிக்கொண்டோம். மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பவர் வேறு. உனக்குப் போன் போட்டேன், கையை உடைங்க நைனா என்றாய். உன்மேல் பழி போடவில்லை, நீ சொல்லாவிட்டாலும் உடைத்திருப்பேன்.

மறுநாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவர் வண்டியை விட்டு இறங்கினதும் ஜாக்கி ராடால் அடித்தேன். முதல் அடியில் உதடு கிழிந்து பல் தெறித்தது. தடுத்த கை மணிக்கட்டில் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, கேட்டும் நிறுத்தவில்லை. விழுந்தவரை வயிற்றில் மிதித்தேன். ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அவர் கேட்டது ஒன்றுதான். "மாமா, அவள ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனீங்களா?" நழுவப் பார்க்கிறான் என்று அதற்கும் ஒரு மிதி மிதித்தேன்.

அப்புறம் இரண்டு நாள் வாசலைப் பூட்டிக்கொண்டு ஜுர மாத்திரை மட்டும் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கிக் கண் சொருகியது. மாப்பிள்ளை மாவுக்கட்டோடு வந்து கதவை உதைத்துத் திறந்தார், என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார், ஒற்றைக் கையால் அவளை வாரித் தோளில் போட்டு ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைப் பார்த்ததுமே இது சூடு இல்லை என்றுவிட்டார். உண்ணிக்காய்ச்சலாம். கோட்டை மலை அடிவாரத்தில் ஆட்டுக்குப் புல் அறுத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பொடி உண்ணி கடித்திருக்கிறது, வலிக்காததால் அவளுக்கே தெரியவில்லை; கடித்த இடம் சூடு வைத்ததுபோலத்தான் கறுத்துப் பொருக்குத் தட்டுமாம். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை ஏற்றிய இரண்டாம் நாள் ஜுரம் இறங்கியது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என் பிடிவாதமே அவளைக் கொன்றிருக்கும்.

போலீஸ் கேட்டபோது மாப்பிள்ளை புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். காலில் விழப் போனேன், காலை இழுத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது ஜெயக்கொடி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "நைனா, நீ எங்க வூட்டுப் பக்கம் வராத."

சேரா, காட்டுக்குப் போய் வந்ததிலிருந்து தொடையில் வளையமாகச் சிவந்திருக்குது, படைக்களிம்பு போடறேன் என்றாயே, அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். உங்கள் பக்கம் உண்ணி கடித்து லைம் என்று ஒரு நோய் வருமாம். ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனையில் தெரியாமலும் போகுமாம், அந்த வளையத்தைப் பார்த்தே மாத்திரை தொடங்குவார்களாம், விட்டால் முகம் கோணும், மூட்டு வீங்கும், நெஞ்சையும் பிடிக்கும் என்றார். நாளைக்கே போய்க் காட்டு. பார்த்ததும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிற புத்தி உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

அங்காளம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். மாப்பிள்ளைக்கு நீயே போன் போட்டு மன்னிப்புக் கேள். தங்கையிடம் பேசும்போது நான் கேட்டதாகச் சொல்லாதே, சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் நைனா
பச்சமுத்து