ஆர்.என்.ஏ. உடைந்ததற்குக் காரணம்

ஜூலை 4, திங்கள்
ஆர்.என்.ஏ. மறுபடியும் உடைந்துவிட்டது. ஜெல்லில் கோடாக நிற்க வேண்டியது புகையாக இழுபட்டுக் கிடக்கிறது. நான்காவது தடவை. பாக்டீரியாவிடமிருந்து எடுத்த இந்த நொதி, எங்கள் பேச்சில் கத்தரி, டி.என்.ஏ.வைத் தொடாது; மனுஷ செல்லுக்குள் விட்டால் நாம் காட்டும் ஒரே ஆர்.என்.ஏ.வை மட்டும் வெட்டும். அப்படித்தான் நம்பி ஐந்து வருஷம் போயிற்று. இது நடந்தால்தான் எனக்குப் பட்டம்.

என் கைடு அனந்தகிருஷ்ணன் சார் லேபில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "கையுறை போட்டுண்டுதான் பண்றியா? வெறுங்கை பட்டாலே போறும், ஆர்.என்.ஏ. காலி."

ஜூலை 9
கத்தரி போடாத குழாயில் ஆர்.என்.ஏ. முழுசாக இருக்கிறது. அதுவும் இதே கைதானே? கத்தரிதான் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து வெட்டுகிறதோ? சாரிடம் சொன்னேன். "மனுஷ செல்லுக்குள்ள அப்படி வெட்டாது. முதல்ல கையைப் பாரு" என்றார்.

ஜூலை 22
சோதனை வீணானால் நோட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் புது ரசாயனம் கிடையாது. 'கை அசுத்தம், என் தவறு' என்று இதுவரை வீணான ஆறு சோதனையின் பக்கத்திலும் எழுதினேன். சனியன் விட்டது என்று இருந்தது.

ஆகஸ்ட் 17
வேலை தீபக்கிடம் போய்விட்டது. என் ஜூனியர். அவனுக்கு நான் ஜெல் ஊற்றித் தர வேண்டுமாம்.

செப்டம்பர் 20
கேண்டீனில் தீபக் வந்து நின்றான். அக்கா என்பதை அவன் பாஷையில் தீதி என்பான். "தீதி, எனக்கும் அதே புகைதான் வருது." சந்தோஷப்பட்டேன். வெட்கமாகக்கூட இல்லை.

செப்டம்பர் 23
அவன் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "புது விஷயம்டா! பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து வெட்டறது. எழுது!" என்று சார் குதிக்கிறார். ஜூலையில் நான் என்ன சொன்னேன்? நோட்டில் எழுதாமல் வாயால் சொன்ன முட்டாள் நான். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். நிதானமாகப் புரட்டினார்.

"உன் தவறுன்னு நீயேதானேம்மா எழுதியிருக்கே?"

அக்டோபர் 2, சப்தமி
கிடர்பூரில் அப்பா வீடு. துர்கா பூஜைப் பந்தல் மேளம் காதைக் கிழிக்கிறது. அப்பா துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு சரிபார்த்தவர். "பெட்டியை யார் உடைச்சான்னு தெரியாம நான் கையெழுத்துப் போட்டதே இல்லையேடீ" என்றார். என்னதான் பண்ணச் சொல்றே, ரசாயனமே தரமாட்டேங்கறாரேன்னு கத்தினேன். அழுதும் தொலைத்தேன்.

டிசம்பர் 12
கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டது. முதல் பெயர் தீபக். நான் கடைசியில், நன்றி சொல்லும் வரியில்.

டிசம்பர் 19, திங்கள்
எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்: வேறு பாக்டீரியா, வேறு கத்தரி, அதே புகை. சார் பேனாவை நீட்டினார். "காரணம் எழுதும்மா."

'காரணம் தெரியவில்லை. கத்தரி போடாத குழாய் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

படித்தார். ரசாயன அலமாரியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.