சிரிக்கிற இடத்தில் நான் அழுததை உன் வீட்டுக்காரன் பார்த்துவிட்டான்

என் வாயாடி வனிதாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கல்லூரியில் உன் பேச்சு வந்தாலே எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. நீ ஒரு நாளாவது மெதுவாகப் பேசியிருப்பாயா?

ஆண்டு மலரில் போடுவதற்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். “நாலு நல்ல வார்த்தை போதும் மேடம்” என்றார்கள். நல்ல வார்த்தையா? எனக்கு உன்னிடம் சொல்ல இருப்பது ஒரு தப்பு. அதைச் சொல்லாமல் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். மலர் அச்சாகி வருவதற்குள் என் தம்பிக்கும் சொல்லியாக வேண்டும். அவன் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டால் நான் மனுஷியே இல்லை.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீ என் தம்பி குமரேசனின் மனைவி. நான் தலைமை வகிக்கும் ஆங்கிலத் துறையிலேயே நீயும் ஆசிரியை. வீட்டில் அண்ணி, கல்லூரியில் மேடம் என்று நான் பிரித்து வைத்தேன். நீ எங்கேயும் அண்ணி என்றுதான் கூப்பிட்டாய். பிரின்சிபல் எதிரிலேயே கூப்பிட்டு மானத்தை வாங்கினாய்.

நாம் சண்டை போட்டதெல்லாம் நாடகத்தைப் பற்றித்தான். எலிசபெத் மகாராணி காலத்து நாடகக் கொட்டகைக்கும் இன்றைய அரங்குக்கும் உள்ள வேறுபாடுகள் என்று நம் பாடத்தில் ஒரு கேள்வி உண்டு. நான் போர்டுக்கு நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது என்று எழுதிப்போட்டுவிட்டு வந்துவிடுவேன். நீ பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போவாய். கொடிமேடையின் மேல் ஒருத்தியை ஏற்றி, மற்றவர்களை மூன்று பக்கமும் நிற்கவைத்துக் கத்துவாய்.

“மேல பாருங்க, என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க மேடம், வெயிலு.”

“அதேதான். லண்டன் கொட்டாயிலயும் நடு முத்தத்துக்குக் கூர கெடையாது. வசதி இருக்கறவங்க சுத்தி மாடியில உக்காந்துக்குவாங்க, நம்மள மாதிரி ஆளுங்க முத்தத்துல நின்னுக்கிட்டே பாக்கணும். மழ வந்தா நனையணும். வெளக்கு கெடையாது, அதனால நாடகம் மத்தியானத்துல. ராத்திரி சீன்னா ஒருத்தன் தீப்பந்தம் புடிச்சிக்கிட்டு வருவான், பட்டப்பகல்ல நாம அத ராத்திரின்னு நம்பிக்கணும். முன்னால தெர கெடையாது. செத்த வேஷக்காரன நாலு பேரு தூக்கிக்கிட்டுத்தான் போவணும். ஜனங்க சும்மா இருப்பாங்களா? கொட்டய ஒடச்சித் தின்னுக்கிட்டு நடிகனுக்கு எதிர்ப்பேச்சு பேசுவாங்க!”

அங்கே பெண்கள் மேடை ஏறவில்லை, பையன்கள்தான் ராணி வேஷம் போட்டார்கள் என்று சொல்லிவிட்டு, சித்தேரி மலையிலிருந்து வரும் நம் மாணவி பொன்னிக்கு ராஜா வேஷம் கொடுத்தாய். “அவங்க ஊருக்கு நம்ம ஊரு பதிலடி” என்று சிரித்தாய். நாடு பறிபோன ராஜா ஒருத்தர் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஒளிந்துகொள்ளும் நாடகம் அது. நீயே எழுதியது. அந்த மார்க்கெட்டிலேயே வேலை பார்க்கிற குமரேசன் ஏலக்காரரின் கூவலைச் சொல்லிக் கொடுத்தான்.

அதை மைதானத்தில், மத்தியானத்தில் போட வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். நான்தான் விடவில்லை. புது ஆடிட்டோரியம் கட்டி முடித்திருந்தார்கள். குஷன் சேர், கலர் விளக்கு, பட்டன் தட்டினால் விலகும் திரை. “இத்தனையும் வச்சிக்கிட்டு வெயில்ல எவ நிப்பா?” என்று உன் வாயை அடைத்தேன். பகல் காட்சிக்கு வெளிச்சம் வரக் கூடாது என்று ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் ஒட்டினதும் நானேதான். ஸ்டூல் போட்டு ஏறி, ஓட்டை தெரிகிற இடத்தில் எல்லாம் இரண்டாவது தாளும் ஒட்டினேன்.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு விளக்கை அணைத்தார்கள். உன் மூஞ்சி எனக்குத் தெரியவில்லை. பக்கத்துச் சேரில்தான் இருந்தாய்.

உன் பழக்கம் எனக்குத் தெரியும். சினிமாவுக்குப் போனாலும் என் கையைப் பிடித்து இழுத்து, “அண்ணி, அவனப் பாருங்க, அண்ணி, இவ பொய் சொல்றா” என்று கடைசி வரைக்கும் வர்ணனை ஓட்டுவாய். இருட்டில் உட்கார்ந்தால் பேசாமல் பார்க்க வேண்டும் என்று நானும் நூறு முறை சொல்லியிருப்பேன். மூன்றாவது காட்சி. தலையில் தக்காளி கிரேட் பெட்டியோடு ராஜாவே ஏலத்தில் விலை போகிற காட்சி. அரங்கமே சிரிக்கிறது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“அண்ணி” என்றாய்.

“சும்மா இரு வனிதா. பின்னாடி பாக்கறாங்க.”

நீ கையை எடுத்துக்கொண்டாய்.

வாழ்க்கையில் ஒரு நாள்கூட என் பேச்சைக் கேட்காதவள், அன்றைக்கு ஏன் கேட்டாய்? இன்னொரு முறை இழுத்திருக்கக் கூடாதா? கிள்ளியிருக்கக் கூடாதா? நீ அடங்கிவிட்டாய் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாவி நான்.

விளக்கு போட்டபோது எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நீ மட்டும் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். எழுதினவளே தூங்குகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. தோளைத் தட்டின பிறகுதான் உயிர் இல்லை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாரடைப்பு என்றார், எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அது முதல் பொய். இரண்டாவது பொய் குமரேசனிடம். “கடசியா எதாச்சும் சொன்னாளாக்கா?” என்று கேட்டான். “இல்லடா. தூக்கத்துல போற மாதிரி போயிட்டா” என்றேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இந்த ஒரு வருஷமும் எழுந்து நடமாடுகிறான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னான். “வலியே தெரியலிங்க அவளுக்கு. எங்கக்கா பக்கத்துலயே இருந்துச்சு.” அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவேன்.

இப்போது நடந்ததைக் கேள். பொன்னி இந்த வருஷத்தோடு படிப்பு முடிக்கிறாள். உன் நினைவாக அந்த நாடகத்தை மறுபடியும் போட வேண்டும், அதே ஆடிட்டோரியத்தில், என்று பிள்ளைகள் வந்து நின்றார்கள். குமரேசனும் போன் செய்தான். “அவ உக்காந்த சேர்லயே நான் உக்காந்துக்கறேங்க்கா, உன் பக்கத்துல” என்றான். அந்த இருட்டில், உன் இடத்தில், அவனா? மைதானத்தில்தான் போடணும், மத்தியானம்தான், மலைப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று வாய்க்கு வந்த காரணம் எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் அசந்துபோனார்கள். வனிதா மேடம் கேட்டபோது மறுத்தவள் இவள்தானே என்று நினைத்திருப்பார்கள்.

போன வியாழக்கிழமை உன் விருப்பப்படியே நடந்தது. மரப்பலகை மேடை, மூன்று பக்கமும் ஜனம், திரை கிடையாது. பொன்னியின் அம்மா சித்தேரியிலிருந்து வந்து முன்னால் நின்றார். ராஜாவைக் குறைந்த விலைக்குக் கேட்டதும், “எம்புள்ளய இன்னும் ஏத்திக் கேளுங்கய்யா!” என்று கத்தினார். பொன்னி கிரேட்டைத் தூக்கிப்பிடித்துக்கொண்டே, “அம்மா, நான் இப்ப ராஜாம்மா!” என்றாள். எழுதாத வசனம். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. வனிதா, நீ சொன்னது சரி. பேசிக்கொண்டே பார்த்தால் நாடகம் கெட்டுவிடும் என்று நான் சொன்னதெல்லாம் சும்மா.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு உறைக்கவில்லை. மூன்று பக்கமும் ஜனம் நின்றால், மேடையைத் தாண்டி ஒருவர் மூஞ்சி இன்னொருவருக்குத் தெரியும். குமரேசன் என் பக்கத்தில் இல்லாமல் எதிர்ப்பக்கம் போய் நிற்கட்டும் என்று நானே ஏற்பாடு செய்திருந்தேன். அந்த மூன்றாவது காட்சி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தால், நல்ல வெயிலில், மேடைக்கு அந்தப் பக்கம் இருந்து அவன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தான்.

“ஏக்கா, அது சிரிக்கிற எடமாச்சே. நீ எதுக்கு அப்டி அழுத?”

“வனிதா ஞாபகம் வந்துடுச்சுடா.”

“எனக்குந்தான் மொதல்லருந்து ஞாபகம். நீ அந்த ஒரு எடத்துல மட்டும் அழுத. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

மேடையில் கிடந்த கிரேட்டை எடுக்கக் குனிந்தேன். அவன், “ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரேன். அப்ப சொல்லு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து எழுதுகிறேன். சொன்னால் அவனுடைய ஆறுதல் போய்விடும். உனக்கு வலித்தது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதை அவன் எப்படித் தாங்குவான்? என் பாரத்தை இறக்குவதற்காக அதை அவன் தலையில் ஏற்றுகிறேனா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. ஆனால் நீ கடைசியாகப் பேசியது அவனுக்குச் சேர வேண்டியது. அதை ஒரு வருஷமாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் வனிதா. நீ என் கையைப் பிடித்ததைச் சொல்வேன். நான் சொன்ன பதிலையும் ஒரு எழுத்து மாற்றாமல் சொல்வேன். அவன் திட்டினால் கேட்டுக்கொள்வேன். இனிமேல் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவன் சொன்னாலும் அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அப்படி ஒன்று நடந்தால், உன்னோடு சேர்த்து என் தம்பியையும் நானே தொலைத்தேன் என்று இருந்துவிட்டுப் போகிறேன்.

நீ கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத
உன் அண்ணி,
சாந்தி